சமாதிக்கு எதற்குச் சோலை?

டெல்லியில் மதுரா சாலைக்குக் கிழக்கே, உயர்ந்த மதில்களுக்குள் ஏறக்குறைய 30 ஏக்கர் பரப்பில் ஒரு தோட்டம் இருக்கிறது. அதன் நட்ட நடுவில் முகலாயப் பேரரசர் ஹுமாயூனின் கல்லறை. கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் போய்ச் சேரும் ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையம் இதற்குப் பக்கத்தில்தான். டெல்லிக்குப் போகும் தமிழர்களில் பலர் குதுப்மினாரையும் செங்கோட்டையையும் பார்த்த கையோடு இங்கேயும் வந்து, சிவப்புக்கல் மாளிகையையும் வெள்ளைக் குவிமாடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் நடந்து கடக்கும் தோட்டத்தைக் கட்டடத்தின் முற்றம் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் இதை வடிவமைத்தவர்கள் கல்லறையையும் தோட்டத்தையும் பிரித்து நினைக்கவில்லை. இந்தியாவில் இவ்வளவு பெரிய அளவில் ஒரு நாற்பகுதித் தோட்டத்தின் நடுவே மன்னரை அடக்கம் செய்தது இங்கேதான் முதல்முறை. தாஜ்மகால் எழுந்தது இதற்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு.

இறந்தவர் மரத்தைப் பார்ப்பதில்லை, பூவை முகர்வதில்லை, நிழலில் இளைப்பாறுவதுமில்லை. அப்படியிருக்க அவரைச் சுற்றி எதற்கு ஒரு தோட்டம்? இஸ்லாமிய மரபுக்குள் இந்தக் கேள்விக்கு இரண்டு விதமாகப் பதில் சொல்ல முடியும். தோட்டம் சொர்க்கத்தின் சாயல் என்பது ஒரு பதில். எல்லா வழிகாட்டிகளும் சொல்வது, பெரும்பாலான புத்தகங்களில் இருப்பது அதுதான். இறந்தவர் பெயரால் உயிரோடிருப்பவர்களுக்குச் செய்யும் தர்மமே தோட்டம் என்பது மற்றொன்று. இதைச் சொல்பவர்கள் குறைவு. ஆனால் மதநூல்களையும் இந்தத் தோட்டம் கடந்துவந்த நாலரை நூற்றாண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் இரண்டாவது பதிலே வலுவானது.

முதலில் இடத்தைப் பார்க்கலாம். இன்றைய பார்வையாளர்கள் மேற்கு வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள். பேரரசரின் கல்லறையை அடையும் முன்பே வலப்பக்கம் எண்கோண வடிவில் இன்னொரு கல்லறை தெரியும். அது ஈசா கான் நியாசியுடையது. 1547ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்டது. ஈசா கான், ஷேர் ஷா சூரின் அவையில் பெரும் பிரபுவாக இருந்தவர். அந்த ஷேர் ஷாதான் 1540இல் ஹுமாயூனைத் தோற்கடித்து நாட்டைவிட்டே விரட்டியவர். பதினைந்து ஆண்டு அலைச்சலுக்குப் பிறகு 1555இல் டெல்லியை மீட்ட ஹுமாயூனுக்கு, கடைசியில் தன் எதிரியின் பிரபு ஏற்கெனவே படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. இருவரும் இந்த மண்ணைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒன்றே. 1325இல் மறைந்த சூஃபி ஞானி நிஜாமுத்தீன் அவுலியாவின் தர்கா இங்கிருந்து கூப்பிடு தூரம். ஞானியின் அருகில் அடங்குவது அருள் தரும் என்ற நம்பிக்கையால் அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் நூற்றாண்டுகளாகக் கல்லறைகள் பெருகின.

மீட்ட டெல்லியில் ஹுமாயூன் ஓராண்டுகூட ஆளவில்லை. 1556 ஜனவரியில் புராணா கிலாவில் தன் நூலகமாக இருந்த ஷேர் மண்டலின் படிகளில் இறங்கும்போது பாங்கோசை கேட்டு, மரியாதைக்காகத் தாழ முற்பட்டார். அங்கி காலில் சிக்கியது, விழுந்தார், சில நாட்களில் இறந்தார். முதலில் அந்தக் கோட்டையிலேயே அடக்கம் செய்தார்கள். சூர் வம்சத்தின் தளபதி ஹேமு டெல்லியைப் பிடித்தபோது உடல் சிர்ஹிந்துக்குக் கொண்டுபோகப்பட்டது. நிலையான கல்லறை 1560களில் தொடங்கி 1570களின் தொடக்கத்தில் முடிந்தது. கட்டடக் கலைஞர் பாரசீக மரபில் தேர்ந்த மீரக் மிர்சா கியாஸ். ஹுமாயூனின் மூத்த மனைவியும் ஹஜ் செய்து திரும்பியதால் ஹாஜி பேகம் என அழைக்கப்பட்டவருமான பேகா பேகமே இதைக் கட்டுவித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மகன் அக்பரின் ஆதரவே இதில் பெரிது என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பேகமும் இங்கேயே அடங்கியிருக்கிறார்.

தோட்டம் சார்பாக், அதாவது நாற்பகுதி அமைப்பு. அகன்ற நடைபாதைகள் அதை நான்காகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு பகுதியும் மறுபடி ஒன்பது கட்டங்களாகிறது. மொத்தம் 36. நடுவிலுள்ள நான்கு கட்டங்களைக் கல்லறையின் மேடை எடுத்துக்கொள்கிறது. பாதைகளின் நடுவே மணற்கல் பதித்த குறுகிய வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஒரு குழந்தைகூட எளிதில் தாண்டிவிடும் அகலம்தான். இரண்டு வாய்க்கால்கள் கூடும் இடத்தில் சிறு சதுரக் குளம் இருக்கும். பார்க்க வேண்டிய நுட்பம் நடுவாய்க்காலில் இருக்கிறது. அது நேராக வந்து மேடையடியில் மறைகிறது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்புறம் போனால் அதே நேர்க்கோட்டில் மறுபடி வெளிப்படுகிறது. நீர் கல்லறைக்கு அடியில் புகுந்து வெளியேறுவது போன்ற தோற்றம்.

சொர்க்கச் சாயல் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று இந்தத் தோட்டத்தில் இல்லை. அடியில் ஆறுகள் ஓடும் சோலைகள் என்பதே சொர்க்கத்தைப் பற்றித் திருக்குர்ஆன் திரும்பத் திரும்பச் சொல்லும் வருணனை. 47ஆவது அத்தியாயம் நான்கு வகை ஆறுகளைச் சொல்கிறது: கெட்டுப்போகாத நீர், சுவை மாறாத பால், மது, தெளிந்த தேன். நான்கு வாய்க்கால்களை அந்த நான்கு ஆறுகளோடு பொருத்துவது சுலபம். கல்லறையின் தரைப்படமும் இதற்கு ஒத்துழைக்கிறது. நடு அறையைச் சுற்றி எட்டு அறைகள் கொண்ட இந்த அமைப்புக்குப் பாரசீக மரபில் ‘எட்டுச் சொர்க்கங்கள்’ என்றே பெயர். சொர்க்கத்துக்கு எட்டு வாசல்கள் என்று நபிமொழி சொல்வதையும் இதனுடன் சேர்த்துக்கொள்வார்கள்.

பிற்கால முகலாயர்கள் இந்தக் கருத்தை மறைக்கவே இல்லை. தாஜ்மகாலின் பெருவாசலில் குர்ஆனின் 89ஆவது அத்தியாயம் செதுக்கப்பட்டிருக்கிறது. அமைதியுற்ற ஆன்மாவை இறைவன் தன் சொர்க்கத்துக்குள் அழைப்பதோடு அது முடிகிறது. வாசலில் நிற்பவர் அதைப் படித்துவிட்டுத்தான் தோட்டத்துக்குள் அடி வைக்கிறார். 1979இல் வெய்ன் பெக்லி என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி மேலே போய், தாஜ்மகால் மறுமை நாளில் இறைவனின் அரியணை நிற்கும் காட்சியின் உருவகம் என்று வாதிட்டார். எப்பா கோக் போன்ற ஆய்வாளர்கள் அவ்வளவு தூரம் போகாமல், அரசிக்குச் சொர்க்கத்தில் அமையவிருக்கும் மாளிகையின் பூலோக வடிவம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள். ஹுமாயூன் கல்லறையில் தாஜ்மகாலைப் போல நீண்ட வசன வரிசைகள் இல்லை. இங்கே பேசுவது வடிவம் மட்டுமே. வடிவத்திலிருந்து பொருளை எடுக்கும்போது சற்று நிதானம் தேவை.

நாற்பகுதித் தோட்டம் இஸ்லாத்துக்கு முந்தையது. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசர் சைரஸ், பசர்காதேயில் கல் வாய்க்கால்கள் கொண்ட அரண்மனைத் தோட்டம் அமைத்தார். அதன் எச்சங்கள் இன்றும் ஈரானில் இருக்கின்றன. மழை குறைந்த நிலத்தில் நீரைச் சீராகப் பங்கிட வேண்டுமானால் நேர்க்கோட்டு வாய்க்காலும் சதுரப் பாத்தியும்தான் வசதி. இஸ்லாமியத் தோட்டங்களை விரிவாக ஆராய்ந்த ஃபேர்சைல்ட் ரகிள்ஸ் இந்த வேளாண்மை வேரைத்தான் வலியுறுத்துகிறார். ஹுமாயூனின் தந்தை பாபர் 1526இல் ஆக்ராவுக்கு வந்ததும், இந்தியாவில் ஓடும் நீர் இல்லையே என்று தன் நினைவுக்குறிப்பில் குறைப்பட்டுக்கொண்டு, யமுனைக் கரையில் உடனே ஒரு சார்பாக் போட்டார். அதைச் சொர்க்கத்தின் சாயலாக நினைத்துப் போடவில்லை. குளிப்பதற்கும் நண்பர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கும் வெயிலிலிருந்து தப்புவதற்கும் போட்டார். வாழும்போது இன்பத்துக்கு இருந்த வடிவத்தை மகனுடைய தலைமுறை சாவுக்குப் பயன்படுத்திக்கொண்டது.

இதைவிடக் கனமான தடை மார்க்கத்துக்குள்ளேயே இருக்கிறது. நல்லடியார்களுக்காக இறைவன் வைத்திருப்பதை எந்தக் கண்ணும் கண்டதில்லை, எந்தக் காதும் கேட்டதில்லை, எந்த மனித உள்ளத்திலும் அது தோன்றியதில்லை என்ற கருத்தில் புகாரி தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. சொர்க்கத்துப் பொருள்களுக்கும் உலகத்துப் பொருள்களுக்கும் பெயர் மட்டுமே பொது என்று நபித்தோழர் இப்னு அப்பாஸ் விளக்கியதாகவும் சொல்வார்கள். அப்படியானால் மணற்கல்லும் மாமரமும் கொண்டு சொர்க்கத்துக்குப் படம் வரைய முடியாது. குர்ஆனின் சோலைகளில் கனிகள் தாழ்ந்து தொங்குகின்றன, நிழல் நீங்குவதில்லை, நீர் கெடுவதில்லை. அங்கே தோட்டக்காரர் என்று ஒருவர் இல்லை, தேவையுமில்லை. டெல்லியில் ஜூன் மாத வெயிலில் ஒரு வாரம் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாயல் என்று சொல்லப்படும் பொருளும் மூலமும் அடிப்படையிலேயே வேறுபடுகின்றன.

மார்க்க அறிஞர்களின் இன்னொரு ஆட்சேபம் கட்டடத்தைப் பற்றியது. கப்றை, அதாவது அடக்கம் செய்த குழியைப் பூசுவதையும் அதன் மேல் கட்டடம் எழுப்புவதையும் நபிகள் நாயகம் தடுத்தார் என்று முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. முகலாயக் குடும்பத்துக்கே இது உறுத்தலாக இருந்தது. காபூலில் தான் விரும்பிய தோட்டத்தில் பாபர் அடங்கியிருக்கிறார்; அவர் கப்றின் மேல் கூரை இல்லை. ஷாஜகானின் மகள் ஜஹானாரா 1681இல் இறந்தபோது நிஜாமுத்தீன் தர்கா வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறை பளிங்கால் ஆனது. ஆனால் மேற்புறம் மூடப்படாமல் மண் நிரப்பிப் புல் முளைக்க விடப்பட்டிருக்கிறது. 1707இல் மறைந்த அவுரங்கசீப்பின் கப்று குல்தாபாத்தில் திறந்த வானத்தின் கீழ் வெறும் மண்ணாக இருக்கிறது. ஹுமாயூனின் குவிமாடத்திலிருந்து ஜஹானாராவின் புல்லுக்கு நடந்தே போய்விடலாம். ஒரே குடும்பம் ஒரே கேள்விக்குத் தந்த இரண்டு எதிரெதிர் விடைகள் இவ்வளவு அருகருகே வேறெங்கும் இல்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பசுமை. குவிமாடம் வேண்டாம் என்று ஒதுக்கிய ஜஹானாராவும் புல்லை ஒதுக்கவில்லை.

அந்தப் பசுமைக்கு மார்க்கத்தில் ஆதாரம் உண்டு. அது சொர்க்க வருணனைகளில் இல்லாமல் ஒரு சிறு நிகழ்ச்சியில் இருக்கிறது. நபிகள் நாயகம் இரண்டு கப்றுகளைக் கடந்து போகையில், அவற்றில் இருப்பவர்கள் வேதனை செய்யப்படுகிறார்கள் என்று சொன்னார். ஒருவர் சிறுநீர் படாமல் தூய்மை பேணாதவர், மற்றவர் கோள் சொல்லித் திரிந்தவர். பிறகு ஒரு பச்சைப் பேரீச்ச மட்டையை எடுத்து இரண்டாகப் பிளந்து, கப்றுக்கு ஒன்றாக ஊன்றினார். ஏன் என்று தோழர்கள் கேட்டதற்கு, அவை காயாமல் இருக்கும்வரை அவர்களுடைய வேதனை குறைக்கப்படலாம் என்று விடை தந்தார். புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் இது இருக்கிறது.

இதைப் பற்றி அறிஞர்கள் பலவாறு வாதிட்டிருக்கிறார்கள். நபியின் கைக்குரிய சிறப்பு இது, மற்றவர்கள் செய்வதில் பொருளில்லை என்பது ஒரு சாராரின் முடிவு. உயிருள்ள எல்லாமே இறைவனைத் துதிக்கின்றன. பச்சை மட்டை காயும்வரை துதிக்கிறது. அந்தத் துதியின் பலன் அடங்கியவருக்குச் சேர்கிறது என்பது மற்றவர்கள் தரும் விளக்கம். புரைதா என்ற நபித்தோழர் தன் கப்றில் இரண்டு மட்டைகளை வைக்கச் சொல்லிவிட்டு இறந்தார் என்ற செய்தியை இவர்கள் சான்றாகக் காட்டுவார்கள். தமிழ்நாட்டு மையவாடிகளிலும் அடக்கம் முடிந்ததும் கப்றின் மேல் தண்ணீர் தெளித்துப் பச்சைக் கிளை ஊன்றும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதைக் கூடாது என்பவர்களும் அதே ஊர்களில் இருக்கிறார்கள். பல நூற்றாண்டுப் பழைய வாதம் இன்னும் முடியவில்லை.

எந்தப் பக்கம் நின்றாலும் அந்த நிகழ்ச்சியில் ஒரு நிபந்தனை இருப்பதைக் கவனிக்க வேண்டும். காயாமல் இருக்கும்வரை. பலனுக்குக் கால எல்லை உண்டு. அந்த எல்லையை நீட்டுவது ஈரம். கிளையை வேரோடு நட்டு, தண்ணீர் விட்டு, ஆளும் வைத்துக் காப்பாற்றினால் அது ஆண்டுக்கணக்கில் காயாது. கல்லறைத் தோட்டத்தை இப்படிப் பார்த்தால், அது அரச செல்வத்தால் பெரிதாக்கப்பட்ட ஒரு பச்சை மட்டைதான். ஹுமாயூன் கல்லறையைக் கட்டியவர்கள் இந்த நபிமொழியை நினைத்தே நட்டார்கள் என்று காட்ட ஆவணம் கிடையாது. நான்கு ஆறுகளை நினைத்துத் தோண்டினார்கள் என்பதற்கும் அவர்கள் கைப்பட எழுதிய சான்று கிடையாது. கேள்வி, எந்தப் பொருள் மார்க்கத்தின் மொத்தப் போக்கோடு ஒத்துப்போகிறது என்பதே.

அந்தப் போக்கில் மரமும் தண்ணீரும் தர்மத்தோடு சேர்ந்தே பேசப்படுகின்றன. ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ தின்றால் அது நட்டவருக்குத் தர்மமாக எழுதப்படுகிறது. தாய் இறந்த பிறகு அவருக்காக எந்தத் தர்மம் சிறந்தது என்று சஅத் பின் உபாதா கேட்டார். தண்ணீர் என்று நபி சொன்னார். சஅத் ஒரு கிணறு தோண்டித் தாயின் பெயரில் விட்டார். மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் நின்றுபோகின்றன. நிலைத்த தர்மம், பயன் தரும் கல்வி, அவனுக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளை என்ற மூன்று மட்டும் தொடர்கின்றன. இவையெல்லாம் நன்கறியப்பட்ட நபிமொழிகள். மரம், தண்ணீர், பிள்ளை மூன்றும் ஹுமாயூனின் தோட்டத்தில் கூடியிருக்கின்றன.

சூஃபிகளின் பார்வையும் இங்கே வந்தாக வேண்டும், தர்கா அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த ராபியா ஒரு கையில் தீயும் மறு கையில் தண்ணீருமாகத் தெருவில் ஓடினாராம். சொர்க்கத்தைக் கொளுத்தி நரகத்தை அணைத்துவிட்டால், ஆசையும் அச்சமும் இல்லாமல் மனிதர்கள் இறைவனை இறைவனுக்காகவே நேசிப்பார்கள் என்று அவர் காரணம் சொன்னதாகக் கதை. சொர்க்க இன்பங்களில் தலையாயது இறைவனைக் காண்பது என்று மார்க்க அறிஞர் கஸ்ஸாலியும் எழுதினார். இந்த அளவுகோலில் தோட்டம் ஒரு இடைத்தடை, பரிசைக் காட்டி ஆளை மயக்கும் பொருள். ஆனால் நிஜாமுத்தீன் அவுலியா தன் வாழ்நாளில் நடத்திய கான்கா என்ற சூஃபி மடத்தில் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டார். அவர் சார்ந்த சிஷ்தி மரபில் துறவும் விருந்தோம்பலும் ஒன்றாக இருந்தன. சொர்க்கத்தை விரும்பாதே என்று சொன்னவர்களும் வருகிறவருக்கு நிழலும் தண்ணீரும் தராமல் இருந்ததில்லை.

இனி தோட்டத்தின் சொந்த வரலாறு. 1611இல் இங்கு வந்த ஆங்கில வணிகர் வில்லியம் ஃபிஞ்ச், கல்லறை அறையில் விலையுயர்ந்த கம்பளங்கள் விரித்திருந்ததையும், கல்லறையின் மேல் வெண்துணி போர்த்தி, முன்னால் குர்ஆனும் மன்னரின் வாளும் தலைப்பாகையும் காலணிகளும் வைத்திருந்ததையும் எழுதிவைத்தார். அந்தக் கவனிப்பு நீடிக்கவில்லை. தலைநகர் ஆக்ராவுக்கும் லாகூருக்கும் மாறி மாறிப் போனது. பேரரசு தளர்ந்ததும் பராமரிப்புக்குப் பணம் வறண்டது. மதில்களுக்குள் மக்கள் குடியேறிக் காய்கறி போட்டார்கள். இடையே குடும்பத்தின் பிணங்களும் வந்து சேர்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இங்கே உள்ளன. 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் தந்த தாரா ஷிகோ, இரண்டு ஆண்டுகள் கழித்துத் தம்பி அவுரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்டு இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கல்லறை இதுதான் என்று உறுதியாகக் காட்டும் எழுத்து எதுவும் அதன் மேல் இல்லை.

1857 செப்டம்பரில் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாபர் டெல்லி வீழ்ந்ததும் இந்தக் கல்லறையில்தான் தஞ்சம் புகுந்தார். ஹாட்சன் என்ற ஆங்கில அதிகாரியிடம் இங்கேயே சரணடைந்தார். ரங்கூனுக்கு நாடுகடத்தப்பட்டு 1862இல் அங்கே இறந்தார்; அவரை அடையாளமில்லாத குழியில் புதைத்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் நடுப்பாதைகளின் சதுரக் குளங்கள் எடுக்கப்பட்டு, அவர்களுடைய ஊர்ப் பாணியில் வட்டப் பாத்திகள் வந்தன. 1882ஆம் ஆண்டின் அரசு அறிக்கை, தோட்டம் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததையும், சமீபகாலம்வரை அரச குடும்பத்தின் வழித்தோன்றல்களே அங்கே முட்டைக்கோசும் புகையிலையும் பயிரிட்டதையும் பதிவு செய்கிறது. சொர்க்கச் சாயல் என்ற கோட்பாட்டுக்கு இது பெரும் வீழ்ச்சி. தர்மம் என்ற பார்வையில் அப்படிச் சொல்ல முடியாது. பாட்டன் போட்ட வாய்க்காலில் பேரப்பிள்ளைகள் கோசு விளைவித்துப் பிழைத்தார்கள். அந்த மண் அவர்களைப் பசியில் விடவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைஸ்ராய் கர்சன் வாய்க்கால்களைச் செப்பனிட வைத்தார். அடுத்த பெரும் சோதனை 1947. பிரிவினையின் போது டெல்லியில் வீடிழந்த, உயிருக்குப் பயந்த முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் புராணா கிலாவிலும் இந்தத் தோட்டத்திலும் கூடாரமடித்துத் தங்கினார்கள். பலர் இங்கிருந்தே பாகிஸ்தானுக்கு ரயில் ஏறினார்கள். புல்தரையும் வாய்க்கால்களும் பெரும் சேதத்துக்குள்ளாயின. நினைவுச்சின்னங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் இதைச் சேதக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். தொல்லியல் நோக்கில் அது சரிதான். ஆனால் எந்தக் கல்லறைத் தோட்டமும் தன் வாழ்நாளில் செய்யக்கூடிய மிகப் பெரிய காரியத்தை இந்தத் தோட்டம் அந்த மாதங்களில் செய்தது. உயிரோடு இருப்பவர்களுக்கு மதில் தந்தது, தரை தந்தது.

வாய்க்கால்களில் நீர் மீண்டும் ஓடத் தொடங்கியது 2003இல். இந்திய விடுதலையின் ஐம்பதாம் ஆண்டையொட்டி ஆகாகான் அறக்கட்டளை இந்தியத் தொல்லியல் துறையோடு சேர்ந்து 1997இல் தொடங்கிய பணி அது. மேடேறியிருந்த மண்ணை அள்ளி, பழைய மட்டத்தைத் தேடிப் பிடித்து, தூர்ந்த கிணறுகளைத் தூர்வாரி, மழைநீர் இறங்கும் குழிகளை வெட்டினார்கள். மா, எலுமிச்சை, வேம்பு, செம்பருத்தி, மல்லிகை என 2,500க்கும் மேற்பட்ட மரஞ்செடிகளை நட்டார்கள். இதில் கடினமான வேலை வாய்க்காலின் வாட்டம். தோட்டம் ஏறக்குறைய சமதளம். நீர் தானாக ஓட வேண்டும். ஓடுவது கண்ணுக்குத் தெரியவும் கூடாது, தேங்கவும் கூடாது. அதனால் 40 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வருமாறு கற்களைக் கொத்தனார்கள் பதித்தார்கள். சுண்டுவிரல் அகலச் சரிவை நாற்பது மீட்டரில் பரப்புவது என்றால் ஒவ்வொரு கல்லையும் எத்தனை முறை தூக்கி இறக்கியிருப்பார்கள் என்பதை வாய்க்கால் ஓரம் குனிந்து பார்த்தால்தான் உணர முடியும். ஒரு கல் மயிரிழை உயர்ந்தாலும் நீர் அங்கே தயங்கிப் பாசி பிடிக்கும்.

இந்த இடத்தில் இரண்டு பதில்களுக்கும் உள்ள வேறுபாடு துலங்குகிறது. சொர்க்கத்தின் ஆறுகள் வாக்களிக்கப்பட்டவை. அவற்றுக்கு வாட்டம் பார்க்க ஆள் வேண்டாம். இந்த வாய்க்காலின் நீர் மனிதர்களின் அக்கறையால் மட்டுமே ஓடுகிறது. அக்கறை நின்றபோதெல்லாம் நீரும் நின்றது. வாக்குறுதியைக் கல்லில் வடித்துவிட்டோம் என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி தண்ணீர் விட வேண்டியிருந்தது. இதுவே தர்மத்தின் இயல்பும்கூட.

பார்க்க வருவதற்கும் மார்க்கத்தில் ஒரு வரையறை உண்டு. கப்றுகளுக்குப் போவதை முதலில் தடுத்திருந்த நபிகள் நாயகம் பிறகு அனுமதித்தார். மறுமையை அது நினைவூட்டும் என்பது காரணம். ஜியாரத் என்பது அந்த நினைவுக்காகப் போவது. தர்காவுக்குப் போகிறவர் காலணியைக் கழற்றி, தலையை மூடி, பூவும் போர்வையும் எடுத்துக்கொண்டு போகிறார். வியாழன் மாலைகளில் கவாலி கேட்கிறார். ஹுமாயூனின் தோட்டத்துக்கு வருகிறவர் சீட்டு வாங்கி, படம் எடுத்து, மேடையில் ஏறி ஜாலி எனும் கல் பின்னலின் வழியே வெயில் விழுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார். மேற்குச் சுவரின் பளிங்கு ஜாலியில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபின் வடிவம் வெட்டப்பட்டிருப்பதையும், கிப்லாவின், அதாவது மக்காவின் திசையிலிருந்து அந்த வடிவத்தின் வழியாகவே ஒளி அறைக்குள் வருவதையும் கவனிப்பவர் சிலர். அறைக்குள் எல்லோரும் பார்ப்பது அடையாளக் கல்லறை. உண்மையான கப்று அதற்கு நேர் கீழே நிலவறையில் இருக்கிறது.

அப்படியானால் சுற்றுலாவாக வருகிறவரின் வருகைக்குச் சமயப் பொருள் ஏதும் இல்லையா என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஜியாரத் என்ற அளவில் இல்லைதான். அதற்கு வருகிறவரின் எண்ணம் முக்கியம். தர்மம் என்ற அளவில் நிலைமை வேறு. மரத்தின் கனியைத் தின்ற பறவைக்கு அதை நட்டவர் யாரென்று தெரியாது. தெரிந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் அந்த நபிமொழியில் இல்லை. எண்ணம் கொடுப்பவருக்குத்தான் வேண்டும். ஆகவே ஹுமாயூன் யாரென்றே தெரியாமல் வேப்பமரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடும் குடும்பமும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவரும், மதிலோரம் ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களும், கிளிகளும் அணில்களும் அந்தக் கணக்குக்குள் வருகிறார்கள். எந்த மதத்தவர் என்ற கேள்வியும் அங்கே எழுவதில்லை. 2018இல் பக்கத்திலேயே 90 ஏக்கரில் சுந்தர் நர்சரி பூங்காவாகத் திறக்கப்பட்ட பிறகு, முகலாயக் கல்லறைகளின் நடுவே ஒரு மாலையைக் கழிப்பது டெல்லிக் குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அங்கேயும் புதிதாக ஒரு நடுவாய்க்கால் போட்டிருக்கிறார்கள்.